உயிர் வாழத் தகுந்த அறை

மைத்துனி மதுஷா பிள்ளைப்பேற்றுக்குக் கொழும்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரப்போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்றே நான் விஞ்ஞானியாகிவிட்டேன். வேறு வழியில்லை. மட்டக்களப்புப் புளியந்தீவில் எங்கள் வீட்டில் வாவிப்பக்கமாக ஓர் அறை. பென்சன் எடுத்ததிலிருந்து அதில்தான் என் கம்ப்யூட்டர், என் சாய்மனைக் கதிரை, என் மத்தியானத் தூக்கம். அந்த அறை எனக்கு உயிர். அவளுக்கு விட்டுக்கொடுப்பேனா?

மனைவி ஜோசப்பின் எட்டிப் பார்த்தாள்.

"என்ன செய்யிறீங்க?"

"பூமியப் போல வேற கிரகம் தேடுறன். நட்சத்திரத்துக்குக் குறுக்கால கிரகம் போனா வெளிச்சம் கொஞ்சம் மங்கும். அந்த வரைபடங்கள என்னப் போல ஆக்களும் பாத்துச் சொல்லலாம். பெரிய ஆராய்ச்சி! இந்த அறைய ஒருத்தருக்கும் குடுக்க ஏலா."

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாக் கிரகத்திலயும் ஆக்கள் இருக்க ஏலுமா?"

"சீச்சீ! நட்சத்திரத்துக்குக் கிட்ட இருந்தா அவிஞ்சிரும். தள்ளி இருந்தா உறைஞ்சிரும். அளவான தூரத்தில இருக்கணும்."

"மறுகா?"

"தண்ணி வேணும். காத்து வேணும்."

"மறுகா?"

கல்யாணம் முடித்த நாளிலிருந்து என் பேச்சை அவள் இப்படி 'பிறகு, பிறகு' என்று கேட்டதேயில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நட்சத்திரமும் அமைதியா இருக்கணும். சும்மா சும்மா சீறினா பக்கத்தில ஒண்டும் மிஞ்சாது" என்று அள்ளிவிட்டேன்.

"கண்டுபிடிச்சா அங்க போவீங்களா?"

"போறதா? எத்தினையோ ஒளியாண்டு! தூரத்தில இருந்து பாக்கிறதுதான் எங்கட வேல."

"அப்ப சரி. நான் கண்டுபிடிச்சிட்டன்."

"என்னத்த?"

"இந்த அறையத்தான். குசினி அடுப்புச் சூடு வராது. ஜன்னலுக்குக் கீழ தண்ணி. நல்ல காத்து. நானும் சீற மாட்டன். புள்ள பெத்தவளுக்கு இத விட அளவான இடம் எங்க இருக்கு?"

"ஜோசப்பின், இது என்ர அறை!"

"வீடு ஆரிட சீதனம்?"

மட்டக்களப்பில் கல்யாணம் முடித்த எந்த ஆம்பிளையிடமும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. வீடு பெண்ணுக்கு. நாங்கள் ஒரு பெட்டியோடு வந்து ஏறியவர்கள்.

"அப்ப நான் எங்க போற?" என்றேன்.

"தூரத்தில இருந்து பாக்கிறதுதானே உங்கட வேல? குசினிக்குப் பின்னால நெல்லு மூட்ட அடுக்கின அறை இருக்கு. அங்க இருந்து பாருங்க."

மதுஷா வந்து சேர்ந்தாள். நான் மூட்டைகளுக்கு நடுவே கம்ப்யூட்டரோடு குந்தியிருக்கிறேன். ஆராய்ச்சி வீண்போகவில்லை, இங்கே உயிர்கள் இருப்பது உறுதியாகிவிட்டது. ஏழெட்டு எலிகள்; அவை என்னைத்தான் வேற்றுக்கிரகவாசி என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன.