சித்தப்பா அசையக் கூடாது

“மீசை வேண்டாம்.”

சொல்லிவிட்டுத் தாடிக்கார ஓவியர் அடுத்த தடுப்புக்குப் போய்விட்டார். அவள் தூரிகையும் கையுமாக நின்றாள். மாடலாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த சித்தப்பா கண்ணை மட்டும் உருட்டினார்.

ஓவியக் கல்லூரியில் அவளுக்குக் கடைசி ஆண்டு. சித்தப்பாவின் உருவப்படம்தான் புராஜெக்ட். வெளியிலிருந்து மூன்று ஓவியர்கள் ஆளுக்கொரு நாள் வந்து குறை சொல்வார்கள். அப்போது மாணவர் வாய் திறக்கக் கூடாது, மாடல் அசையக் கூடாது. பக்கத்துத் தடுப்பில் ஒருத்தன் ஓட்டைச் சைக்கிளைத் தலைகீழாகத் தொங்கவிட்டே பாராட்டு வாங்கியிருந்தான். இவள் தேறாவிட்டால் மாமாவின் டைல்ஸ் கடைதான் என்று அப்பா சொல்லியாகிவிட்டது.

“படத்துல மட்டும் மீசைய அழிச்சுடேன்மா.”

“கண்ணால பாக்காம எனக்கு வரைய வராது சித்தப்பா.”

“அதுக்கு?”

“முளைச்சிடும் சித்தப்பா.”

மறுநாள் மழுமழுவென்று வந்து உட்கார்ந்தார். “உங்க சித்தி கதவைத் தொறந்து, ‘அவர் வீட்ல இல்லையே’ங்கறா.”

மீசை மேல் தோல் நிறத்தைப் பூசினாள். அடியிலிருந்த கறுப்பு கலந்து, படத்துச் சித்தப்பா கரி தின்றவர் மாதிரி ஆனார்.

இரண்டாவதாக வந்த கிராப்பு அம்மாள் நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். “நரை உறுத்துது. சட்டையும் எடுபடல. கரும்பச்சை போடு.”

சித்தப்பா தலையில் சாயம் ஏறியது. அப்பாவின் பச்சைச் சட்டை தொப்பையைத் தாண்ட மறுத்தது. படத்தில் பச்சை வழிந்து தாடைக்கு வந்தது. துடைத்தாள். கழுத்தே போய்விட்டது.

“யாரும்மா இது, மழையில நனைஞ்ச மூட்டையா?” என்றார் சித்தப்பா.

“அசையாதீங்க.”

மூன்றாவது ஓவியர் ஒல்லி. “ரொம்ப சொகுசா இருக்கே! முதுகுக்குச் சாய்மானம் எதுக்கு? உயரமான ஸ்டூல் போதும். ஒரு வேதனை தெரியணும்.”

ஸ்டூலில் ஏறியதும் வேதனை தானாக வந்தது. அவள் படத்தில் இருந்த நாற்காலியைக் கத்தியால் சுரண்டினாள். கேன்வாஸ் கிழிந்தது. பின்னால் பிளாஸ்திரி ஒட்டினாள்.

மதிப்பெண் நாள். மூவரும் சேர்ந்து வந்தார்கள். அவள் மனதுக்குள் டைல்ஸ் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். இடுப்பு வலியில் சித்தப்பாவின் கண்ணோரம் ஒரு துளி திரண்டது. அப்போதும் அசையவில்லை, பாவம்.

சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். தாடிக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

“அபாரம்! நாங்க சொன்னது ஒண்ணுகூட விடல. தேறிட்டே போ!”

எங்கோ டைல்ஸ் கடை ஷட்டர் இறங்கும் சத்தம் அவள் காதில் கேட்டது. அப்பாடா!

வாசல்வரை போன ஒல்லி ஓவியர் திரும்பிப் பார்த்தார்.

“ஒரே ஒரு குறைதான். இவ்வளவு அருமையா ஒரு மனுஷனை உக்கார வச்சிருக்கே, பக்கத்துல எதுக்கும்மா அந்தப் படம்?”