கதவு அந்தப் பக்கம்

வெல்டிங் ராடு பிடித்தவனுக்குத் தன்னால் முடியாத வேலை என்று ஒன்று இருப்பதாகவே தோன்றாது. நானும் அந்த ரகம்தான்.

அரபு நாட்டில் முசஃபா என்ற இடத்தில் ஒரு பட்டறையில் கேட்டும் கிரில்லும் செய்கிறேன். ரூமில் கட்டிலுக்கு மேல் கட்டில், ஆறு ஆம்பிளைகள். ஊரிலிருக்கும் மனைவி செல்வியை விசிட் விசாவில் ஒரு மாதம் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்தே ஆசை. பேமிலி ரூம் வாடகை கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் பட்டறை மூலையில் கிடந்த பழைய டிரெய்லர் கண்ணில் பட்டது. முதலாளியிடம் கேட்டேன். "எடுத்துக்கோ, இங்கேயே நிறுத்திக்கோ" என்றார். டூட்டி முடிந்ததும் அதன் மேல் ஒரு குட்டி வீடு கட்ட ஆரம்பித்தேன்.

செல்வி போனிலேயே மேஸ்திரி வேலை பார்த்தாள். "என்னங்க, ஜன்னல் நல்லா பெருசா வைங்க. அடுப்பு ஜன்னலுக்குக் கீழதான் வரணும்."

"வெச்சாச்சு. நீ வந்து கதவைத் திறந்தா நேரா கடல் தெரியும் பாரு!"

(அந்த வாய்க்கொழுப்பு தேவையா?)

வீட்டைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பாகிஸ்தானி பெயிண்டர், பெங்காலி ஹெல்பர், கொழும்புக்காரர், பக்கத்து ஹார்டுவேர் கடை கீழக்கரை பஷீர் பாய், எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்து "சூப்பர்" என்றார்கள். ஒருத்தருக்கும் குறை தெரியவில்லை. எப்படித் தெரியும்? எல்லாருமே இடது பக்கம் வண்டி ஓட்டுகிற நாட்டில் பிறந்தவர்கள்!

செல்வி வந்து இறங்கினாள். நல்ல நேரத்தில் பால் காய்ச்சித்தான் குடிபோவேன், அதுவும் கடலைப் பார்த்துத்தான் என்று ஒரே பிடிவாதம். பஷீர் பாயின் பிக்கப்பில் வீட்டை மாட்டிக் கடற்கரைச் சாலைக்குப் போனோம். இந்த நாட்டில் வண்டி ஓடுவது வலது பக்கம், அதனால் வலது ஓரமாக நிறுத்தினார். வலது பக்கம் அமைதியாகக் கடல். இடது பக்கம் சர் சர்ரென்று வண்டிகள். என் கதவு இடது பக்கம்.

நம்மூர் பஸ்ஸில் ஏறி இறங்கியே வளர்ந்த உடம்பு ஐயா! வாசலுக்குக் கோடு போடும்போது கை தானாக இடது பக்கம் போயிருக்கிறது.

"தம்பி, கதவைத் தொறந்தா கடல்னியே?" என்றார் பஷீர் பாய். செல்வி புதுப்புடவையும் கையில் பால் சட்டியுமாக என்னையே பார்த்தாள். அதற்குப் பதில் அவள் திட்டியே இருக்கலாம்.

எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தலாமா என்று பாய் யோசிப்பதற்குள் ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாஃபி, மாஃபி. நோ டோர். ஃபைவ் மினிட், யல்லா!" கதவைத் திறக்கக் கூடாது, அஞ்சே நிமிஷத்தில் கிளம்பு என்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

ராகு காலம் நெருங்கிவிட்டது. செல்வி புடவையை இழுத்துச் செருகினாள். "கடல் பக்கத்து ஜன்னலைத் தொறங்க."

நான் குனிந்தேன். என் முதுகில் ஏறி, வலது காலை எடுத்து வைத்தாள். எங்கே? ஜன்னலுக்குக் கீழே அடுப்புதானே! உலகத்திலேயே அடுப்பு மேல் கால் வைத்துக் கிரகப்பிரவேசம் செய்த ஒரே மகராசி என் பெண்டாட்டிதான். போலீஸ்காரர் மரியாதையாகக் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரியாமல் இல்லை.

பால் பொங்கியது. முதல் டம்ளர் ஜன்னல் வழியாகப் போலீஸ்காரருக்குப் போனது. செல்வி ஜன்னலில் முகத்தை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நல்லாத்தாங்க இருக்கு நம்ம வீடு" என்றாள்.

அந்த ஒரு மாதம் பட்டறைக்குள் அந்த வீட்டில் வாழ்ந்ததுதான் நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது. விசா முடிந்து அவள் போன பிறகு என்னால் அங்கே படுக்க முடியவில்லை. இப்போது அதில் வெல்டிங் ராடும் பெயிண்ட் டப்பாவும் குடியிருக்கின்றன.

போன லீவில் திருச்சி ஏர்போர்ட்டுக்கு செல்வி வாடகைக் காரோடு வந்திருந்தாள். ஆவலாக ஓடிப்போய், அரபு நாட்டுப் பழக்கத்தில் வலது பக்க முன்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். எதிரே ஸ்டீயரிங்! பெட்டியை ஏற்றிவிட்டு வந்த டிரைவர் பாவமாகக் கேட்டார், "அண்ணே, அப்ப நான் எங்க உக்கார்றது?"

"விடுங்க தம்பி," என்றாள் செல்வி பின்சீட்டிலிருந்து. "இவருக்கு எப்பவும் கதவு அந்தப் பக்கம்தான்."

எல்லாரும் சிரித்தோம். நான் இறங்கி, சுற்றி வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எத்தனை நாள் லீவு?" என்று டிரைவர் கேட்டார். "ஜன்னலைக் கொஞ்சம் தொறங்க தம்பி, காத்து வரட்டும்" என்றாள் செல்வி.