மௌன உரிமையும் பக்கத்து சீட் பிரேக்கும்

அன்பும் சட்ட ஞானமும் நிரம்பிய மைத்துனர் வக்கீல் அவர்களுக்கு,

தங்கள் அக்காவைக் கட்டிய அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதினால் பொய்ச்சாட்சி ஆகிவிடும், ஆகையால் அங்கு அனைவரும் நலமா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வழக்கமாக "டேய்" என்று கூப்பிடுகிறவன் இன்றைக்கு 'அவர்கள்' எல்லாம் போடுகிறானே, என்ன காரியமோ என்று தாங்கள் யோசிப்பது எனக்குத் தெரிகிறது. காரியம்தான். என் மேல் கிரிமினல் வழக்குப் போட்டு வியாழக்கிழமை கோர்ட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். தண்டனை விழுந்தால் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அனுமதியே ரத்தாகிவிடுமாம். பாதி ஊருக்குக் கியர் போடச் சொல்லிக்கொடுத்தவன் பலகையை இறக்கிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

எல்லாம் தங்கள் அக்காவால் வந்த வினை. இந்த வயதில் கார் ஓட்டிப் பழக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, எல்.எல்.ஆரும் வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஸ்கூல் காரிலேயே கூட்டிப்போனேன். சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் கார் அது என்பது தங்களுக்குத் தெரியும். மருந்துக்கடை நாற்சந்தி வரைக்கும் ஆமை மாதிரி ஒழுங்காகத்தான் வந்தாள். சந்திக்குள் போனதும் மஞ்சள் விளக்கு விழுந்தது. எத்தனையோ வருஷமாகப் பிரேக்கிலேயே பிழைப்பு நடத்துகிற கால் சும்மா இருக்குமா, அதுபாட்டுக்கு அமுக்கிவிட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது. "ஏங்க, நல்லாத்தானே போயிட்டிருந்தேன், ஏன் நின்னுச்சு?" என்கிறாள் உங்கள் அக்கா. அதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. நாலா பக்கமும் ஹார்ன். நட்டநடுச் சந்தியில் 'எங்களிடம் பழகினால் பயமில்லை' என்று கூரையில் பலகை வைத்துக்கொண்டு நிற்கிறது நம் கார்.

மீசைக்கார கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார். தங்கமான மனுஷர். "சிவப்புல நடுவுல நிக்கிறீங்க சார். ஃபைன் கட்டிட்டுப் போயிட்டே இருங்க. பேரு சொல்லுங்க" என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அந்த நேரம் பார்த்தா உன் ஞாபகம் வர வேண்டும்? புது ஆபீஸ் திறந்த அன்றைக்குக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு என்ன சொன்னாய்? "அத்தான், போலீஸ் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதீங்க. மௌனமா இருக்கிறது நம்ம உரிமை. மிச்சத்தை வக்கீல் பாத்துக்குவான்." சரி என்று நானும் திறக்கவில்லை. பேர் கேட்டார், மருந்துக்கடையைப் பார்த்தேன். லைசென்ஸ் கேட்டார், என் முழங்காலைப் பார்த்தேன். உன் அக்கா எனக்கும் சேர்த்து என் பேர், வயசு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "இவரு குடிச்சிருக்காராம்மா?" "வெந்நீர்தான் சார் குடிச்சாரு." ஊதச் சொன்னார். எனக்கு எதிராக நானே எப்படி ஊதுவது? உதட்டை மடித்துக்கொண்டேன். வண்டியை ஓரங்கட்டச் சாவி கேட்டார். சாவியும் சாட்சியம்தானே என்று முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டேன். அவர் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க, நான் மறுபடி மடக்க, பின்னால் பஸ்காரர் என் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்ட, ஐயோ, அந்த மானக்கேட்டை எந்தப் பேனாவால் எழுதுவேன்!

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரம்மா நிதானமாக விளக்கினார். "சார், நம்ம மேல குத்தம் வர்ற மாதிரி கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டாம். பேரும் லைசென்ஸும் கேட்டா குடுத்துத்தான் ஆகணும். ஊதச் சொன்னா ஊதணும். சிக்னல் விஷயம் ஃபைனோட போயிரும். ஆனா டியூட்டியில இருக்கிற ஆளைத் தடுத்தா அது கிரிமினல்." இதை அன்றைக்கே நீ முழுசாகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதாடா? பாதிச் சட்டத்தைச் சொல்லிவிட்டு மீதியை உன்னோடேயே வைத்துக்கொண்டாயே! அப்புறம் ஊதினேன், மிஷின் வெறும் சைபர் காட்டியது. வக்கீலுக்கு போன் செய்கிற உரிமை உண்டு என்றார்கள். செய்தேன். உன் வீட்டுக்காரி எடுத்து, "அவரு தூங்குறாரு அண்ணே, என்ன விஷயம்?" என்றாள். சுற்றி அத்தனை போலீஸ். வக்கீல் இல்லாமல் பேசக் கூடாதே என்று "சும்மாதாம்மா" என்று வைத்துவிட்டேன்.

ஆகவே நீ உடனே புறப்பட்டு வந்து, ஓட்டினவள் உன் அக்காதான், சிக்னல் குற்றம் முழுக்க அவளுடையது, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெறும் பயணி என்று அடித்துப் பேச வேண்டும். வெளியே வீராப்பாக நடமாடுகிறேனே ஒழிய உள்ளே பயம்தான்டா. ஸ்கூல் போய்விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்களாவது சாலையில் நடந்து போகிறவர்களாகவே நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
குற்றம் சாட்டப்பட்ட அத்தான்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் உன் அக்கா வெளியிலிருந்து வந்தாள். எங்கே போனாள் தெரியுமா? ஸ்டேஷனுக்கு! "என் மேல தப்பு சொல்றீங்கல்ல, சந்தியில இருக்கிற கேமராவைப் போட்டுக் காட்டுங்க. கேக்கிறதுக்கு எனக்கு உரிமை இருக்கு" என்று நின்றிருக்கிறாள். போட்டுப் பார்த்தால், பச்சையில்தான் கோட்டைத் தாண்டியிருக்கிறாள். நிற்காமல் போயிருந்தால் கேஸே கிடையாது. நடுச்சந்தியில் வழியை மறித்ததுதான் குற்றம், மறித்தது என் கால், ஆகவே ஃபைன் எனக்கு. கிரிமினல் கேஸுக்கு அவள் சொன்ன சாட்சியம் இது: "மேடம், அவரு போலீசைத் தடுக்கல. கேள்வி கேட்டா பேசாம இருக்கிறது அவரு வழக்கம். கார் ஓட்டக் கத்துக்குடுங்கன்னு கல்யாணமான புதுசுலேர்ந்து கேட்டுட்டிருக்கேன், இந்த வருஷந்தான் பதில் வந்துச்சு." மீசைக்காரரே சிரித்துவிட்டு, எச்சரிக்கையோடு விடலாம் என்று சொல்லிவிட்டாராம். கேஸ் இல்லை, ஸ்கூல் பிழைத்தது, நீ வர வேண்டாம். வியாழக்கிழமை ஃபைன் கட்ட உன் அக்காவே என்னைக் காரில் கூட்டிப்போகிறாளாம். நான் சீட்டின் மேல் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்து வர வேண்டுமாம். இப்படி உத்தரவு போட அவளுக்கு அதிகாரம் உண்டா என்று புதன்கிழமைக்குள் எழுது. இந்தத் தடவை முழுச் சட்டத்தையும் எழுது.