தட்டான் உட்காரும் குச்சி

இனிமேல் என் ஆயுசுக்கும் வத்தலுக்குக் காவல் இருப்பதில்லை என்று ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை சபதம் செய்தேன். சத்தமாகவே செய்தேன். மனைவி பாண்டிச்செல்வி அப்போது கடைக்குப் போயிருந்தாள்.

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். வாரத்தில் ஆறு நாள் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில், வெயிலில் காயும் தரைச்சக்கரங்களுக்குக் காவல். ஏழாவது நாள் மொட்டைமாடியில் காயும் கூழ்வத்தலுக்குக் காவல். இந்தப் பூலோகத்தில் காக்காய்க்கும் எனக்கும்தான் வார விடுமுறை கிடையாது.

தீபாவளி போனஸில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தேன். பூப்படம் போட்ட பொத்தானை அமுக்கினால் தட்டான்பூச்சியின் மூக்கு வரைக்கும் நெருங்கிப் படம் எடுக்கலாம். கம்பெனிக்குள் அதைக் கொண்டுபோக முடியாது. பொழுது சாயும் நேரத்தில் கண்மாய்க்கரையில் எடுத்துப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் குச்சி இருந்தது. தட்டான் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது.

செல்வி வந்ததும் சபதத்தைக் கொஞ்சம் சத்தம் குறைத்துச் சொன்னேன்.

"நாளைக்கு நான் தட்டான் படம் எடுக்கப் போறேன். வத்தலுக்கு வேற ஆளைப் பாரு."

"சரிங்க."

"என்னது, சரியா?"

"ஆறு நாளும் வெயில்ல காயுறீக. ஒங்களுக்குன்னு ஒரு ஆசை இருக்காதா? ஆனா கண்மாய் வறண்டு கெடக்கே. நம்ம மாடிக்கே தட்டானை வர வச்சிருவோம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காலையில் மாடிக்குப் போனால், அகலத் தொட்டி நிறையத் தண்ணீர். பக்கத்தில் மண் நிரப்பிய சட்டியில் நாலைந்து விளக்குமாற்றுக் குச்சிகள். வெயில் ஏறியதும் மிளகாய்ப்பழ நிறத்தில் ஒரு தட்டான் வந்து குச்சி நுனியில் உட்கார்ந்தது. நான் குப்புறப் படுத்துக் கேமராவை நீட்டினேன்.

"அசையாதீக! அங்கன இங்கன பாக்காதீக! பறந்துரும்," என்றாள் மெதுவாக.

அசையவில்லை. அது பறந்தது, சுற்றிவிட்டு அதே குச்சிக்கு வந்தது. செல்வியோ கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பூனை மாதிரி நடமாடினாள். எல்லாம் எனக்காக!

உச்சி வெயிலில் முழங்கைத் தோல் வழன்றபோது படம் விழுந்தது. முகம் முழுக்க இரண்டு கண். தலையை ஒருச்சாய்த்து, அது என்னைப் பார்க்கிறது. தாடையில் மயிர்கூடத் தெரிகிறது.

"செல்வி! ஓடியா! பின்னாடி பாத்தியா, வெள்ளை வெள்ளையா மேகம் மாதிரி? கேமராவோட வேலை!"

அவள் குனிந்து பார்த்தாள். "மேகமில்லைங்க. கூழ்வத்தல்."

தலையை நிமிர்த்தினேன். குச்சிக்கு அந்தப் பக்கம் மாடி முழுக்கப் பழைய சேலை விரித்து, சேலை முழுக்க வத்தல். ஒரு காக்காய் இல்லை.

"காவல் இருக்க மாட்டேன்னு சொன்னேனா இல்லையா?"

"நீங்க எங்க காவல் இருந்தீக? படம்தானே எடுத்தீக? ஆள் இருந்தாக் காக்கா வராது. அம்புட்டுத்தான்."

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். கையிலிருந்த கேமராவுக்குள் தட்டான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கரை கரையாக அலைந்தும் கிடைக்காததை, ஒரு தொட்டித் தண்ணீர் ஊற்றி என் வீட்டுக்கே வரவழைத்தவள் இவள். கட்டிய புருசனின் கிறுக்கை எந்தப் பெண்டாட்டி இப்படிக் குச்சி நட்டு வளர்ப்பாள்? திறந்த வாயால் நன்றி சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

பக்கத்து மாடியிலிருந்து பாலம்மாள் எட்டிப் பார்த்தாள். "மதினி, நான் மோர்மிளகாய் காயப்போடணும். அண்ணனை ஒரு நாளைக்கு எங்க மாடிக்கு விடுங்களேன்."

"எங்க வத்தல் காஞ்சு முடியட்டும் மதினி," என்றாள் செல்வி. "அடுத்த வாரம் தொட்டியோட சேத்து அனுப்பி வைக்கேன்."