எட்டுக் குழாயும் ஒரு பிள்ளையாரும்

பால்கனி காலியாக இருந்தது. பாங்கிலிருந்து வந்த பட்டாபிராமன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாமா! என் குழாயெல்லாம் எங்கே?"

எட்டு அலுமினியக் குழாய்கள். ஒரு நூல் கூடாமல் குறையாமல் ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவரே அறுத்தவை. கீழே குழிக்கண்ணாடி வைத்த பெட்டி, மேலே ஒரு வளையம், நடுவே இந்த எட்டும் முக்கோணம் முக்கோணமாக நின்றால் டெலஸ்கோப். இல்லாவிட்டால் வெறும் பெட்டி.

"கீழே கணபதி பந்தலுக்குக் கொடுத்துட்டேன்" என்றாள் அவர் மனைவி, வெண்டைக்காய் நறுக்கியபடி.

"யாரைக் கேட்டு? செவ்வாய் வரதுடி!"

"அது வாராவாரம் வரதே."

"கிரகம்! அறுபதாயிரம் வருஷத்துக்கப்புறம் இத்தனை கிட்டக்க வரது!"

"இத்தனை வருஷம் இருந்தது, இன்னும் பத்து நாள் இருக்காதா? ஆகஸ்ட் மாசப் புனேல மேகத்தைத் தவிர என்ன தெரியப்போறது?"

பட்டாபிக்கு ரத்தம் தலைக்கேறியது. மூன்று மாடியும் தடதடவென்று இறங்கினார்.

"ஆயியே, பட்டாபி சாஹேப்!" என்று கைகூப்பி வரவேற்றார் குடியிருப்பு சொசைட்டியின் செக்ரட்டரி காளே.

சண்டைக்கு வாயைத் திறந்த பட்டாபியின் கண்ணில் அப்போதுதான் அந்த அக்கிரமம் பட்டது. பிள்ளையார் மேடையைச் சுற்றி அவருடைய குழாய்கள் கம்பம் நட்டதுபோல் நேராக நின்றன. சணல் கயிற்றுக் கட்டு. மேலே ஜிகினாத் துணி. காற்றடித்ததும் மொத்தமும் கள் குடித்ததுபோல் ஆடியது.

குழாயை எடுத்ததையாவது மன்னிக்கலாம். இதை?

நேராக நிறுத்தாதே, முக்கோணமாகச் சாய்த்து நிறுத்து என்பதை இந்தியில் கத்திப் பார்த்தார். யாருக்கும் புரியவில்லை. மறுபடி மாடிக்கு ஓடி, கிளாம்பு, போல்ட், ஸ்பானர் எல்லாம் அள்ளிவந்தார். தூறலில் நனைந்தபடி ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு குழாயாகப் பிரித்து, சாய்த்து, முடுக்கினார். காளே ஒரு குழாயைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. ஒரே கைதட்டல்.

கைதட்டல் அடங்கிய பிறகுதான், எதற்கு இறங்கி வந்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. இனி எந்த முகத்தோடு கழற்றிக் கேட்பது?

வீட்டில் துண்டும் காபியும் தயாராக இருந்தன.

"கெட்டியா நிக்கறதா?"

"ஆனையே ஏறினாலும் அசையாது! ஆனா இது அநியாயம், பாமா. குழாயைக் கொடுத்தியே, போடத் தெரிஞ்ச ஆளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாமா?"

"கொடுத்தேனே" என்றாள் பாமா. "தப்பா நிறுத்தி வைங்கோ, ஆறு மணிக்கு ஆள் தானா சண்டைக்கு வரும்னு காளேகிட்ட சொல்லித்தானே குழாயை அனுப்பினேன்."