தலையிடாமைச் சான்று

மலைமேல் இருக்கிற திண்ணனூர் நாட்டில் அந்த வருடம் பதினேழு பிள்ளைகள் பிளஸ் டூ தேறினார்கள். பதினேழு பேரின் பெற்றோரும் செம்மேட்டில் நடந்த உயர்கல்வி வழிகாட்டி முகாமுக்குப் போய், ஆளுக்கொரு துணிப்பையும் எல்லோருக்குமாக ஒரே எண்ணமும் பெற்றுக்கொண்டு திரும்பினார்கள். பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவு படிக்க வேண்டும் என்பதே அந்த எண்ணம். போனில் பேச வேண்டுமென்றால் ரோட்டோரப் பலா மரம் வரை நடக்க வேண்டிய ஊர் அது. அதனாலெல்லாம் யாருடைய உறுதியும் குலையவில்லை.

தேன்மொழி நிலவியல் படிக்க விரும்பினாள். மலைப்பாதையில் பஸ் வளையும்போதெல்லாம், ரோட்டுக்காக வெட்டிய பாறையில் தெரிகிற வரிகளை ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறாள். சேலத்தில் ஒரு கல்லூரியில் அந்தப் படிப்பு இருந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

"மலைதான் இங்கயே கெடக்குதே கண்ணு. கெடக்கறதப் போயி எதுக்குப் படிக்கோணும்?" என்றார் அப்பா வெங்கடாசலம்.

"சரிங்ப்பா, ஏஐன்னா என்னங்?"

"என்னன்னு தெரியாததத்தான் படிக்கோணும். தெரிஞ்சுட்டா அப்புறம் எதுக்குக் காலேஜு?"

அம்மா கண்ணாத்தாளுக்கு எந்தப் பாடத்தோடும் விரோதமில்லை. "எதை வேணாப் படி சாமி. பொழுது சாய ஊட்டுக்கு வந்திரோணும்" என்றாள். நடுவில் இருக்கிற எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி அவளுக்குத் தனியாகக் கருத்து ஒன்றும் இல்லை.

தாய்மாமன் ராசப்பன் கோபித்துக்கொண்டு ஒரு மாதமாக வீட்டுப் பக்கமே வரவில்லை. அவர் மரவள்ளிக் கிழங்கு லாரி ஓட்டுகிறவர். "காது குத்த என் மடி வேணும், சீருக்கு என் தட்டு வேணும். காலேஜுக்கு மட்டும் நான் வேத்தாளா?" என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார். கேட்டிருந்தால் அவர் லாஜிஸ்டிக்ஸ் என்று சொல்லியிருப்பார் என்பதும் அவர் வாயாலேயே ஊருக்குத் தெரிந்திருந்தது.

வெங்கடாசலம் மிளகு போடுகிற விவசாயி. ஆனால் இரண்டு வருடமாகப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும்கூட. பதவியேற்ற வாரமே தன் பெயருக்கு ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டார். பள்ளிக்கு வந்த சுற்றறிக்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் வாங்கிக் கோப்பில் கோத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். மனிதர் சொன்னால் அவர் காதில் விழாது. காகிதம் சொன்னால் எழுந்து நிற்பார். பதினேழு வருடம் அவரோடு குடியிருந்த தேன்மொழிக்கு இது திங்கட்கிழமை காலையில்தான் உறைத்தது.

கோப்பிலிருந்து குடற்புழு மாத்திரை பற்றிய பழைய சுற்றறிக்கை ஒன்றை உருவினாள். அதைப் பார்த்துச் செம்மேட்டு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, வேண்டிய இடங்களை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்தாள்.

"பொருள்: உயர்கல்வி – பாடப்பிரிவினை மாணவரே தேர்வு செய்தல் – பெற்றோர் மற்றும் உறவினர் தலையிடாமை – அறிவுரை வழங்குதல் – சார்பு."

கீழே, யாராலும் படிக்க முடியாத ஒரு கையெழுத்து. அவசரத்தில் பழைய வரி ஒன்றை நீக்க மறந்துவிட்டாள்: "எக்காரணம் கொண்டும் வெறும் வயிற்றில் மேற்கொள்ளலாகாது."

தபாலில் வந்ததாகச் சொல்லி நீட்டினாள். வெங்கடாசலம் நின்றபடியே இரண்டு தரம் படித்தார். முகம் கனிந்துவிட்டது.

"உன் விருப்பந்தான் கண்ணு. கவர்மெண்டே சொல்லிப்போட்டுது. கண்ணாத்தா, புள்ளைக்குச் சோறு போடு. வெறும் வயித்துல விண்ணப்பிக்கப்படாதாம்."

"நானே தின்னுட்டுத்தான் போவேனுங்ப்பா."

"அதெப்படி? நாங்க போட்டோம்னு நாளைக்கு நான் சொல்லோணுமில்ல?"

அவள் மூன்று தோசை சாப்பிட்டாள். வாழ்க்கையில் அவ்வளவு ருசியான தோசையைத் தின்றதில்லை. ஆனால் வெங்கடாசலம் தலைவர். தலைவர் என்பவர் ஒரு சுற்றறிக்கையைத் தானே வைத்துக்கொள்ளலாமா? அதன்மேல் ஸ்டாம்பைக் குத்திப் படம் பிடித்து, பலா மரத்தடிக்குப் போய், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

அது தலைமை ஆசிரியர் ஜான்பீட்டருக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் மலைக்குக் கீழே, சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர். அப்படியொரு சுற்றறிக்கை வந்ததாக அவருக்கு நினைவில்லை. வரவில்லை என்று சொன்னால், வந்ததைத் தொலைத்தவர் என்று ஆகிவிடும். எனவே மேலிடத்துக்குத் தெளிவுரை கேட்டு எழுதினார். மேலிடத்தில் தேடினார்கள். நகல் கிடைக்கவில்லை. அவர்கள் அனுப்பிய எதற்குமே அங்கே நகல் கிடைப்பதில்லை என்பதால், இதையும் அவர்களே அனுப்பியிருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. புதன்கிழமை மதியம் பதில் வந்தது: சுற்றறிக்கையைக் கண்டிப்புடன் நிறைவேற்றுக. இணைப்பில் உள்ள படிவமின்றி எந்த மாணவரின் விண்ணப்பத்தையும் பள்ளிக் கணினியில் ஏற்றலாகாது.

படிவத்தில், விண்ணப்பதாரர் வெறும் வயிற்றில் இல்லை என்பதற்கு ஒரு சான்று. பாடத் தேர்வில் தாங்கள் தலையிடவில்லை என்பதற்குத் தாய், தந்தை, நெருங்கிய உறவினர் ஒருவர் என மூவரின் சான்று.

தேன்மொழி தலைமை ஆசிரியர் அறைக்கு ஓடினாள்.

"சார், அந்தச் சுற்றறிக்கை நான் அடிச்சதுங்க சார்."

ஜான்பீட்டர் எழுந்து கதவைச் சாத்தினார். "யாருகிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்லீங்க சார்."

"சொல்லாதே. அது பொய்னா மேலிடத்துப் பதிலும் பொய். அதுக்கு நான் அனுப்பின ஒப்புகையும் பொய். எத்தனை பேருக்கு மெமோ வரும் தெரியுமா? நீ அடிச்சது உண்மையாகி ரெண்டு நாளாச்சு. போ, படிவத்தை நிரப்பிக் கொண்டா."

வியாழக்கிழமை வெங்கடாசலம் வெற்றிலை பாக்குத் தட்டோடு போய் மைத்துனரை அழைத்து வந்தார். ராசப்பன் வெள்ளை வேட்டியில் வந்தார். அரசாங்கக் காகிதம் தன் கையெழுத்தைக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. படிவத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"தலையிடலைன்னு நான் கையெழுத்துப் போடோணும். அப்படித்தானுங்க மச்சான்?"

"அப்படித்தான் மாப்ள."

"எதுல தலையிடலைன்னு தெரியாம எப்பிடிப் போடறது? ஏங்கண்ணு, என்ன படிக்கப் போற?"

"நிலவியலுங் மாமா."

"இதுல எப்பிடி நான் தலையிடாம இருக்க முடியும்? கல்லுப் படிக்கறேங்குது புள்ள! நல்ல படிப்பாச் சொல்லு, தலையிடாம ஒதுங்கிக்கறேன்."

வெங்கடாசலம் தலையாட்டினார். "அவரு சொல்றதும் நாயந்தான் கண்ணு. பொய்ச் சான்று குடுத்தா நாளைக்கு எல்லாரும் மாட்டிக்குவோம். நாங்க தலையிட அவசியமில்லாத பாடமா நீயே பாத்து எடுத்துக்கோ."

"என் விருப்பந்தான்னு திங்கக்கெழம சொன்னீங்களேப்பா!"

"இப்பவும் அதேதான் சொல்றேன். விருப்பம் உன்னுது. கையெழுத்து எங்களுது."

ராசப்பனுக்கு லாஜிஸ்டிக்ஸ், வெங்கடாசலத்துக்கு ஏஐ. இரண்டு பேரும் மத்தியானம் வரை வாதாடினார்கள். லாரியெல்லாம் இனி ஏஐதான் ஓட்டும் என்று முகாமில் சொன்னதாக வெங்கடாசலம் சொன்னதும், ஓட்டுநரான ராசப்பன் ஏனோ மிகவும் மகிழ்ந்து ஒப்புக்கொண்டார். கண்ணாத்தாள் மாலையில் வீடு திரும்புவதைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். இடமில்லை என்று விட்டுவிட்டார்கள். 'மாணவியின் சொந்த விருப்பம்' என்ற கட்டத்தில் வெங்கடாசலம் தன் கைப்பட நிறுத்தி நிதானமாகச் செயற்கை நுண்ணறிவு என்று எழுதினார். மூவரும் தாங்கள் தலையிடவில்லை என்று சான்றளித்தார்கள்.

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு விண்ணப்பம் ஏறியது. அதை உறுதிசெய்கிற கடவு எண் பலா மரத்தடியில் நின்ற அப்பாவின் போனுக்கு வந்தது. அவரே ஓடி வந்து வாசித்தார்.

பத்து நாள் கழித்து மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மாணவர்கள் நூற்றுக்கு நூறு பேரும் எவர் தலையீடுமின்றித் தம் சொந்த விருப்பத்தின்பேரில் ஒரே பாடத்தைத் தேர்ந்தெடுத்த பள்ளி, மாவட்டத்தில் இது ஒன்றுதானாம். கூட்டம் போட்டார்கள். வெங்கடாசலம் கடிதத்தை வாசிக்க, பெற்றோர் எழுந்து நின்று தங்கள் பெருந்தன்மைக்குத் தாங்களே கைதட்டினார்கள்.

ஜான்பீட்டர் மேடையிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார்: "உங்க சொந்த விருப்பம்தானே?"

பதினேழு பேரும் தங்கள் அப்பா முகத்தைப் பார்த்தார்கள். அப்பாக்கள் தலைமை ஆசிரியரைப் பார்த்தார்கள். தலைமை ஆசிரியர் கையில் வாங்கி வைத்திருந்த பாராட்டுக் கடிதத்தைப் பார்த்தார். ஆமாம் என்றுதான் அதில் அச்சாகியிருந்தது.

"ஆமாங்க சார்" என்றாள் தேன்மொழி, எல்லோருக்கும் முன்னதாக.