தாமரை இதழில் ஒரு புள்ளி

கையில் லென்ஸ் வைத்திருப்பவனை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. என்னைக் கவிழ்த்தது இந்த இரண்டும் சேர்ந்துதான்.

சில வருடங்களுக்கு முன், பழைய நாணயங்களின் வகைகளை அடையாளம் காண ஒரு புத்தகம் வாங்கினேன். எழுதியவர் குருநாதன் என்ற பெரியவர். ஒரே வருடத்தில் அச்சான ஒரே காசில்கூட எழுத்து தடித்திருந்தால் ஒரு வகை, மெலிந்திருந்தால் இன்னொரு வகை என்று பெரிய பெரிய படங்களோடு விளக்கியிருந்தார். மனைவி புதுப் புடவை கட்டினால் கண்ணில் படாத எனக்கு (இது விமலாவின் வாசகம்) அதில் அப்படியொரு வெறி. இரும்புலியூரிலிருந்து காட்டாங்குளத்தூர் கல்லூரி அலுவலகத்துக்கு ரயிலில் போகும்போது படிப்பேன். ரயிலைத் தவறவிட்டு நிற்கும்போதும் படிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாமரைப் பூ போட்ட இருபது பைசாவின் படத்தில், இடது இதழின் மேல் ஒரு புள்ளியைக் கண்டேன். விளக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சாதாரண மனிதன் என்ன செய்வான்? துடைத்துப் பார்ப்பான். நானோ, எழுதியவர் கண்ணுக்கே தப்பிய ஒரு வகையைக் கண்டுபிடித்துவிட்டதாக முடிவுகட்டி, அதற்குப் ‘புள்ளித் தாமரை’ என்று பெயரும் வைத்துவிட்டேன்.

அடுத்து, அந்தக் காசைத் தேடினேன். மார்க்கெட்டில் மீன் விற்கும் கன்னியம்மா அக்காவிடம் ஒரு டப்பா நிறைய செல்லாத காசு இருந்தது. அதைக் கொட்டி, லென்ஸோடு குனிந்து உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னா சார், மீனு வாங்க வந்தியா, காச மோந்து பாக்க வந்தியா?”

“தாமரை மேல புள்ளி வெச்ச காசு இருக்கான்னு பாக்கறேன் அக்கா.”

“புள்ளி வெச்சு கோலந்தான் போடுவாங்க. காசு எங்கனா போடுவாங்களா?”

(நாணயவியல் பற்றி அந்த மாதம் யாராவது சரியாகப் பேசினார்கள் என்றால் அது அவர் மட்டும்தான்.)

ஒரு காசில்கூடப் புள்ளி இல்லை. மனம் தளர்ந்தேனா? கிடைக்கவே இல்லையென்றால் எவ்வளவு அபூர்வமாக இருக்க வேண்டும் என்று பூரித்துப்போனேன்.

எங்கள் பகுதிக் காசு சேகரிப்பாளர்கள் மாதம் ஒருமுறை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஹாலில் கூடுவோம். சங்கத்துக்குச் செயலாளர் தேவைப்பட்டார். அந்த நாற்காலி மேல் எனக்கு ஒரு கண். அடுத்த கூட்டத்தில் நான் உரையாற்றுவதாக அறிவித்தேன். அதோடு விட்டேனா? குருநாதன் சாரையே சிறப்பு விருந்தினராக வரவழைத்தேன். விமலாவையும் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். கணவன் புகழடைவதை மனைவி நேரில் பார்க்க வேண்டாமா?

புத்தகப் படத்தை போனில் எடுத்து, புரொஜெக்டரில் திரை முழுக்கக் காட்டினேன். புள்ளி கால்பந்து அளவுக்குத் தெரிந்தது. “காசு அடிக்கும் அச்சில் ஏற்பட்ட விரிசலே இதற்குக் காரணம்” என்று அடித்துவிட்டேன்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். “இந்த வகை எங்கிட்ட மூணு இருக்கு.”

உடனே இன்னொருவர், “எங்கிட்ட அஞ்சு. அதுல பெரிய புள்ளி, சின்ன புள்ளின்னு ரெண்டு தினுசு இருக்கு சார்!”

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும், “ஆமாம், ரெண்டு தினுசு உண்டு” என்று தலையாட்டினேன்.

குருநாதன் சார் முகம் வாடிவிட்டது. “நாற்பது வருஷமா இதையே பாக்கறேன். எப்படி விட்டேன்னு தெரியலையே. எல்லாரும் மன்னிக்கணும்” என்றார். அந்த மனிதர் கையே கூப்பிவிட்டார். “பரவாயில்லை சார், மனுஷன்னா தவறு வர்றது சகஜம்” என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். (இன்றைக்கும் அதை நினைத்தால் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொள்வேன்.)

“அந்தப் பக்கத்தை ஒரு தடவை பாக்கலாமா?” என்று புத்தகத்தை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினார். புள்ளித் தாமரை அவர் நகத்தில் ஏறிக்கொண்டது. மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

“கடுகு,” என்றார் மைக்கில். இன்னொரு முறை மோந்தார். “பெருங்காயமும் இருக்கு.”

கடைசி வரிசையிலிருந்து விமலாவின் குரல்: “தயிர் சாதம் சார்! சாப்பிடறப்ப படிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்!”

சிரிப்புச் சத்தத்தில் ஹால் ஃபேனின் இரைச்சல்கூட அமுங்கிப்போனது. மூன்று வைத்திருந்தவரும் ஐந்து வைத்திருந்தவரும் டீ, வடைக்குக்கூட நிற்கவில்லை. செயலாளர் பதவிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் நடந்தபோது நான் பாத்ரூமில் இருந்தேன்.

குருநாதன் சார் மட்டும் தோளில் தட்டி, “என் புத்தகத்தை இவ்வளவு உன்னிப்பா யாரும் படிச்சதில்லை தம்பி” என்றார். அது பாராட்டா என்று இதுவரை விளங்கவில்லை.

அடுத்த பதிப்பில் ஒரு பிரதியைக் கையெழுத்திட்டு அனுப்பினார். முன்னுரையின் கடைசிப் பத்தி இப்படி இருந்தது: “அன்பர்கள் உணவருந்தும் வேளையில் இந்நூலைத் திறக்க வேண்டாமெனப் பணிவுடன் வேண்டுகிறேன். இலையில் உள்ளது இலையிலேயே இருக்கட்டும்.”

விமலாவுக்கு அது மனப்பாடம். வீட்டில் யாருக்குச் சோறு போட்டாலும் முதலில் அதை ராகம் போட்டு ஒப்பிப்பாள். கல்யாணமாகி வந்த முதல் நாள் எங்கள் மருமகள் அதைக் கேட்டுக் கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டு, “இது எந்த சாமிக்கு அத்தை?” என்றாள்.